நீலக்கண் தைலம்

புதுச்சேரிப் பெரிய கடைத் தெருவே ஒரு மாடி வீட்டு வாசலில் குவிந்திருந்தது. உள்ளே நேத்திரானந்தர்! இமயமலையில் தவம் கிடந்து, கறுப்புக் கண்ணை நீலக் கண்ணாக்கும் தைலம் வடித்து வந்த மகான். கழுத்தில் ருத்திராட்சம், அதற்கு மேல் சிலுவை. எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன, காசு ஒரே காசுதானே!

நீலக்கண் வந்தால் பிரெஞ்சுத் துரைமார் ஆபீசில் நாற்காலி வரும் என்று வாலிபர்கள் நின்றார்கள். போலீஸ்காரன் விரட்ட மாட்டான் என்று மீன்காரி அஞ்சலாட்சி கூடையோடு நின்றாள்.

சூசைமேரியை மட்டும் இழுத்து வந்திருந்தார்கள். இழுத்தவள் வருங்கால மாமியார் ஆனந்தமேரி. பின்னால், சைகோன் உத்தியோகத்திலிருந்து லீவில் வந்திருந்த மாப்பிள்ளை அலெக்சாண்டர், தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான்.

"நேத்து பக்கத்து வீட்டு ஜெயத்துக்கு ஊத்தி கண்ணு வீங்கிப்போச்சு அத்தை. கண்ணு போனா நான் எப்பிடி ஊசி புடிச்சுத் துணியில பூவேலை செய்யறது?"

"சைகோன்ல துரைசானிங்க மத்தியில கறுப்புக் கண்ண உருட்டிக்கினு நிப்பியா? கண்ணு மாறலன்னா கல்யாணம் கெடையாது!"

சூசைமேரி திரும்பினாள். அலெக்சாண்டரைப் பார்த்தாள். அவன் தொப்பியைப் பார்த்தான்.

உள்ளே வித்தை எளிது. தைலம் ஊற்றுவார். ஆள் அலறுவான். கண்ணீர் வழிய வழிய, சுவாமி தன் கைக்கண்ணாடியை நீட்டுவார். விழிவெள்ளை நீலமாகத் தெரியும். ஆசைப்பட்டவனுக்கு அது போதும். தெருவுக்கு வந்தால் பழைய கண்தான். "வெயில் பட்டா நீலம் உள்ள போயிடும். இன்னொரு புட்டி வாங்கு" என்பார் சுவாமி. வாங்கினார்கள், புத்திசாலிகள்!

சூசைமேரியின் முறை வந்தது. சுவாமி புட்டியைச் சாய்த்தார்.

"இருங்க சாமி. மொதல்ல கண்ணாடியக் குடுங்க."

"தைலத்துக்கு அப்புறம்தான் தரிசனம், பெண்ணே!"

"இப்ப எப்பிடி இருக்குன்னு பாக்காம, மாறிச்சான்னு எப்பிடித் தெரியும்?"

கேட்டதோடு நிற்கவில்லை. சுவாமி மடியிலிருந்த கண்ணாடியை வெடுக்கென்று எடுத்துப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தைலம் படாத அவள் விழிவெள்ளை நீலம்! பல்லைக் காட்டினாள். பல்லும் நீலம்!

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. இத்தனை பேரில் ஒருவரும் அந்தக் கண்ணாடியில் பல்லைப் பார்க்கவில்லை. எரிச்சலில் அழுகிறவர்கள் எங்கே சிரித்தார்கள்?

"இது நீலக் கண்ணாடிய்யா! வந்து பாருங்க!"

அஞ்சலாட்சி கண்ணாடியைப் பிடுங்கிக் கூடைக்கு நேரே பிடித்தாள். "அடி ஆத்தே, என் வஞ்சிரமும் இமயமலைக்குப் போயிட்டு வந்திருக்குதே!"

கூட்டம் கண்ணாடியைச் சுற்றுக்கு விட்டது. சுவாமியின் வெள்ளைத் தாடியும் அதில் நீலமாகத்தான் தெரிந்தது. கொல்லைப்புறம் ஓடப் பார்த்தவரை வாலிபர்கள் மடக்கினார்கள். நாற்காலி கிடைக்காவிட்டாலும் கொடுத்த காசு திரும்பக் கிடைத்தது.

அலெக்சாண்டர் இப்போதுதான் வாயைத் திறந்தான். "அம்மா, எனக்கு இந்தக் கண்ணே போதும்."

"எனக்கு நீங்க போதுமான்னு நான் யோசிக்கணும். இவ்ளோ நேரம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்றாள் சூசைமேரி.

யோசிக்கட்டும். அந்தத் தெருவில் அன்று அதைச் செய்தவள் அவள் ஒருத்திதான். நாளைக்கு உங்கள் மூக்கை நீளமாக்குகிறேன் என்று இன்னொரு மகான் வருவான். வரட்டும்! அற்புதத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை, கேட்காமல் இருப்பதற்குத்தான் காசு.