அப்புறம் டாக்டரும் பறக்கும் டம்ளர்களும்

நோயாளியைப் பேசவிட்டே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடும் டாக்டர் தமிழ்நாட்டில் ஒரே ஒருவர்தான். அவரும் எங்கள் கொல்லிமலைக்குத்தான் வந்தார். இதில் யாருக்காவது சந்தேகம் இருந்தால், மலைமேல் சோளக்காடு ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, அங்கே மிளகு விற்பவர்களிடம் அந்தச் சந்தேகத்தைச் சொல்லிப் பார்க்கலாம். முழுசாகத் திரும்பி வருவது அவரவர் சாமர்த்தியம்.

அவருக்கு முறையாக ஒரு பெயர் இருந்தது. ஆஸ்பத்திரிச் சுவரில் அதைப் போர்டில் எழுதிக்கூட மாட்டியிருந்தோம். ஒருவரும் படிக்கவில்லை. மலை முழுக்க அவர் பெயர் ‘அப்புறம் டாக்டர்’. நரம்பு, மூளை சம்பந்தப்பட்ட வியாதிகளைப் பார்க்க மாதம் ஒருநாள் கீழேயிருந்து வருவார். நான் அங்கே நர்ஸ். அவர் வருகிற நாளில் வரிசையைக் கட்டி மேய்ப்பது என் வேலை.

வேறு டாக்டராக இருந்தால் நோயாளி உட்காருவதற்குள் முழங்காலில் சுத்தியலால் தட்டியிருப்பார். இவர் சுத்தியலைப் பையிலேயே விட்டுவிட்டு, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொள்வார். “சொல்லுங்க” என்பார். நோயாளி மூச்சு வாங்க நிறுத்தினால், “அப்புறம்?” என்பார். அவ்வளவுதான். எங்கள் மலைக்காரர்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? தலைவலி என்று வந்தவர் தங்கச்சி கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பார். கை மரத்துப்போகிறது என்று வந்தவர் பலாமரத்துக்காகப் பங்காளியோடு நடந்த சண்டையைக் கடந்துதான் கைக்கு வருவார். பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

வெளியே வரிசை வளரும். யாராவது முணுமுணுப்பார்களா என்றால், அதுவும் இல்லை. உள்ளே போனால் தங்களுக்கும் இதே மரியாதை கிடைக்கும் என்று தெரிந்ததால், வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை அவிழ்த்து வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். முணுமுணுத்தது நான் ஒருத்திதான்.

“டாக்டர், இப்படிக் கேட்டா கடைசி பஸ்ஸும் போயிடும்” என்றேன் ஒருநாள்.

“போகட்டும் சிஸ்டர். ஸ்கேன்ல மூளைதான் தெரியும். அந்த மூளையை வச்சிக்கிட்டு அவங்க என்ன பாடு படுறாங்கன்னு அவங்க சொன்னாத்தானே தெரியும்?”

மறுமாதம் நான் ஒரு மேசைமணி வாங்கி வைத்தேன். நேரம் ஆனால் ஒரு தட்டு தட்டுவேன், நோயாளி எழுந்துவிட வேண்டும் என்பது என் திட்டம். டாக்டர் மணியைப் பார்த்ததும் பூரித்துப்போனார். “அருமையான யோசனை சிஸ்டர்!” என்று அதை எடுத்து எதிரில் இருந்த பெரியவர் மடியில் வைத்தார். வாழவந்தி நாட்டுக்காரர் அவர்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. “ஐயா, பேசி முடிச்சதும் நீங்களே அடிங்க.” பெரியவர் முடித்ததும் அடிக்கவில்லை. கதையில் தனக்குப் பிடித்த இடம் வந்தபோதெல்லாம் அடித்தார். அன்றோடு மணியை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் பெரக்கரை நாட்டிலிருந்து பாவாயியம்மா வந்தார். கூடவே மருமகள் கவிதா. கல்யாணமாகி வருஷம்கூடத் திரும்பவில்லை. அந்தப் பெண் இரண்டு மூன்று முறை வலிப்பு வந்து விழுந்திருந்தாள். கீழே ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, மாத்திரை கொடுத்திருந்தார்கள். வலிப்பு நிற்கவில்லை. பெண்ணை அவள் அப்பன் வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கடைசியாக ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டோம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டுமே, அதற்காக இந்தப் பயணம்.

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். பேசியதெல்லாம் மாமியார்தான்.

“ஏனுங்க சாமி, வலிப்பைக்கூடப் பொறுத்துக்கலாமுங்க. இவ திமிரைத்தான் பொறுக்க முடியல.”

நான் குறுக்கே போனேன். “அம்மா, மாமியார் மருமக சண்டையெல்லாம் வீட்டுல வச்சுக்கங்க. வெளிய எத்தனை பேரு காத்திருக்காங்க பாருங்க.”

டாக்டர் என்னைப் பார்த்து, பொறுங்கள் என்று கையைக் காட்டினார். பிறகு பாவாயியம்மா பக்கம் திரும்பி, “அப்புறம்?” என்றார்.

“காலையில காப்பி குடுத்தா டம்ளரை மூஞ்சிக்கு நேரா வீசறாளுங்க. ஏன்டி வீசறேன்னு கேட்டா, ‘நான் வீசலீங்க அத்தை, அதுவாப் போகுது’ங்கறா. டம்ளருக்கு றெக்கையா மொளைச்சிருக்கு?”

“அப்புறம்?”

“அப்புறம் என்னங்க, ஒருநாளு கரண்டி பறந்துச்சு. ஒருநாளு மாவோட போசியே பறந்து, என்ற ஊட்டுக்காரரு தலையெல்லாம் தோசை மாவுங்க!”

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“சாயங்காலமும் வீசுவாங்களா?”

“இல்லீங்க. பொழுது சாஞ்சா தங்கமாட்டம் இருப்பா. காலங்காத்தாலதான் அந்தத் திமிரு.”

“ராத்திரி தூங்காம இருந்தா?”

“அதையேன் கேக்கறீங்க! கோயில் நோம்பிக்கு விடிய விடிய முழிச்சிருந்தமுங்க. மறுநாளு அடுப்படியில ஒரு சாமான் அதது எடத்துல இல்லீங்க!”

டாக்டர் கவிதாவைப் பார்த்தார். “டம்ளர் போறதுக்கு முன்னாடி கை வெடுக்குன்னு துள்ளுதாம்மா?”

அவள் முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். “ஆமாங்க” என்றாள்.

“அம்மா, இது திமிரு இல்ல. இதுவும் வலிப்புதான்” என்றார் டாக்டர் பாவாயியம்மாவிடம். “தூங்கி எழுந்த நேரத்துல மூளையில கண்ணிமைக்கிற நேரம் மின்சாரம் எகிறுது. கை துள்ளுது. கையில இருக்கிறது பறக்குது. தூக்கம் கெட்டா ஜாஸ்தியாகும். இவங்க சாப்பிடுற மாத்திரை வேற வகை வலிப்புக்குக் குடுக்கிறது. இந்த வகையை அது கூட்டினாலும் கூட்டும். இத்தனை பேர் பார்த்தும் யாருக்கும் பிடிபடல. ஏன்னா உங்க வீட்டு டம்ளரைப் பத்தி யாரும் கேட்கல.”

பாவாயியம்மா மருமகளின் கையை இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப இவ வீசவே இல்லீங்களா சாமி?” என்றார்.

“இல்லம்மா.”

கவிதா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். குழந்தை பெறுகிற வயசு என்பதால் அதற்குத் தகுந்ததாகப் பார்த்துக் கொடுத்தார். “மாத்திரையை நீங்களா நிறுத்தக்கூடாது. ராத்திரி நல்லாத் தூங்கணும். தூங்கவைக்கிற பொறுப்பு மாமியாருக்கு” என்றார். பாவாயியம்மா அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்ட வேகம் இருக்கிறதே! பொழுது சாய்ந்தால் வீட்டில் டிவி கிடையாது. மகன் இருமினால்கூட வாசலுக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும்.

வலிப்பு நின்றது. டம்ளர்கள் தரையிறங்கின. அப்பன் வீட்டுப் பேச்சும் அதோடு போயிற்று. ஆனால் பாவாயியம்மாவை நிறுத்தத்தான் ஆளில்லை. சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழ வியாபாரத்துக்கு நடுவே, “ஸ்கேனுக்குத் தெரியாததை நான் சொல்லித்தான் டாக்டரு கண்டுபுடிச்சாரு” என்று அவர் முழங்கியதில், யார் வீட்டில் டம்ளர் கீழே விழுந்தாலும் எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலும் வெறும் கைதவறல்தான். ஆனால் அப்படி வந்தவர்களில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சருக்கு நிஜமாகவே அந்த வியாதி இருந்தது. அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்த நடையைப் பார்த்தால், நானே மூளையைத் திறந்து பார்த்துக் கண்டுபிடித்ததாக நினைத்திருப்பீர்கள்.

சில மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்தபோது டாக்டர் ஒரு காரியம் செய்தார். மாமியாரை வெளியே உட்காரச் சொன்னார். கவிதாவிடம், “அன்னைக்கு உங்க கதையை அவங்க சொன்னாங்க. இப்ப நீங்க சொல்லுங்க” என்றார்.

பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார். குறுக்கே பேசாமல் நிற்பது எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

“என்ற கையே எனக்குப் பயமா இருந்துச்சுங்க” என்றாள் கடைசியில். “காலையில முழிப்பு வந்தாலும் எந்திரிக்க மாட்டேன். இன்னைக்கு எதை வீசப்போறேனோன்னு இருக்கும். குழந்தை பொறந்தா அதை எப்படித் தூக்கறதுன்னு...”

ஜன்னலுக்கு வெளியே ஒரு விசும்பல் கேட்டது. ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பாவாயியம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். “இத்தனை நாளா இதை எங்கிட்டச் சொல்லலையே கண்ணு!”

“நீங்க எங்கீங்க அத்தை சொல்ல உட்டீங்க?” என்றாள் கவிதா.

டாக்டர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு வரிசையின் கடைசி ஆள்வரைக்கும் கேட்டது. மாமியாரும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்.

போன வருஷம் அப்புறம் டாக்டரைப் பெரிய ஊருக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது வருகிற டாக்டர் நல்லவர், கெட்டிக்காரர். மாத்திரையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் வந்த முதல் நாள், கவிதாவுக்கு மாத்திரை வாங்க வந்த பாவாயியம்மா, போன வேகத்திலேயே வெளியே வந்துவிட்டார். என் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நல்ல டாக்டருதான் கண்ணு. ஆனா இன்னைக்கு கவிதா பத்தி ஒரு நல்ல சேதி வச்சிருந்தேன். அதைச் சொல்ல எடம் வரல” என்றார்.

வரிசை வாசல் வரை நின்றது. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.