பதினொரு நிமிட முன்னுரை

கோர்னோ ஸ்லிவ்னோ வட்டார வேளாண் அலுவலகம் நடத்தும் 'பழத்தோட்டம்' இதழ், நாற்பது வருடம் காகிதத்தில் வெளிவந்தபின், மேலிடத்து ஆணைக்கிணங்கக் கைபேசிக்குள் குடியேறியது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. காகிதத்தில் வந்தவரை ஜனங்கள் அதைப் படித்துவிட்டு அடுப்புப் பற்றவைத்தார்கள். அரசாங்க வெளியீட்டுக்கு அது மரியாதையா, சொல்லுங்கள்!

இதழாசிரியை ராலிட்ஸாவுக்கு மரியாதையைவிட மரங்கள் முக்கியம். வீட்டுக்குப் பின்னால் அவள் புருஷன் ப்ளாமெனுக்கு இருநூறு பிளம் மரங்கள். போன வசந்தத்தில் பூவெடுத்த நேரம் பார்த்து மழை பெய்தது, கருகல் நோய் வந்தது, ஒரு பழம் தேறவில்லை. பிளம் பழத்தில் ராக்கியாச் சாராயம் காய்ச்சுகிற கொப்பரையில் சிலந்தி குடித்தனம் பண்ணியது.

"இந்த வருஷமும் இப்படின்னா ஜெர்மனி பஸ்ல ஏறிடுவேன். அப்புறம் அழாதே" என்று சொல்லிவிட்டான் ப்ளாமென். ஊர் ஆம்பிளைகளில் பாதிப்பேர் ஏறின பஸ்தான் அது. திரும்பி வரும்போது காலியாக வரும்.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமை மழை, வியாழனுக்குள் எல்லாரும் மருந்து அடித்துவிட வேண்டும். எல்லாரும் என்றால் எல்லாரும். பக்கத்துத் தோட்டக்காரன் சும்மா இருந்தால் நோய்க்கு வேலி தாண்டத் தெரியும்.

அதே திங்கட்கிழமைதான் இதழ் வெளியிடும் மென்பொருளின் நான்காம் பதிப்பும் வந்து சேர்ந்தது. கூடவே தலைநகர் சோபியாவிலிருந்து, சாக்ஸ் போடாத காலில் பளபள ஷூவோடு, அந்தக் கம்பெனிக்காரன் கலோயனும் வந்தான்.

"மேடம், இதுல புது வசதிகள் பாருங்க. பக்கம் திருப்பினா காகிதம் சரசரக்கும். விரல்ல எச்சில் தொட்டுத் திருப்பினா இன்னும் நல்லா சரசரக்கும்."

"கருகல் எச்சரிக்கையை எங்கே போடலாம்?"

"ஒம்பதாம் பக்கம். ஆனா முதல் பக்கத்து முன்னுரையை முழுசா படிச்சாத்தான் ரெண்டாம் பக்கம் திறக்கும். கேமரா கண்ணையே பாத்துக்கிட்டு இருக்கும். வேற எங்கயாவது பாத்தா முன்னுரை மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும்."

"தூங்கிட்டா?"

"மணி அடிக்கும் மேடம். அதுவும் புது வசதி."

முன்னுரை, அலுவலக இயக்குநர் க்ராஸ்தானோவ் எழுதியது. படிக்கப் பதினொரு நிமிடம். புதன்கிழமை ராலிட்ஸா கணக்குப் பார்த்தாள். சந்தாதாரர்கள் நானூற்றுப் பன்னிரண்டு. ரெண்டாம் பக்கத்தைத் தொட்டவர்கள் நான்கு பேர்: இயக்குநர், இயக்குநரின் மனைவி, கலோயன், சம்பளம் வாங்குகிற பாவத்துக்கு ராலிட்ஸா.

இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், எச்சரிக்கையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரணும்."

"முதல் பக்கத்துல நான் இருக்கேனேம்மா."

"நாளைக்குள்ள மருந்து அடிக்கலேன்னா ஊரே அழுகிடும் சார்."

"அதைத்தான் முன்னுரையில் 'காலத்தின் அறைகூவல்கள்'னு பொதுவா தொட்டிருக்கேன். ஆறாவது நிமிஷத்துல வரும், பாரு."

"இவர் நாசமாய்ப் போக!" என்று மனசுக்குள் வைதுகொண்டே வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்து விளக்குக் கம்பத்தைச் சுற்றி ஒரு கூட்டம். யாருக்கோ கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் கறுப்புக் கரை போட்ட தாளைப் படிக்காமல் யாரும் தாண்டிப்போக மாட்டார்கள். பாலைப் பொங்கவிட்டுவிட்டு நின்று படிப்பார்கள்.

அன்று சாயங்காலமே ராலிட்ஸா நாற்பது தாள் அடித்தாள். கறுப்புக் கரை, மேலே சிலுவை, நடுவில் பூத்த கிளையின் படம். "நம் பாசத்துக்குரிய பிளம் மரங்கள், நாளை மருந்து அடிக்கப்படாவிட்டால், நம்மை ஆறாத் துயரில் ஆழ்த்திச் செல்லும்." ஒவ்வொரு கம்பத்திலும் ஒட்டினாள்.

"யாரு போனது?" என்று தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார் பக்கத்துத் தோட்டத்து மித்யோ. "ஐயோ, நம்ம மரமா!" தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

மறுநாள் ஊர் முழுக்க மருந்து வாடை. ஆகஸ்டில் கிளைகள் ஒடியக் காய்த்தன. ப்ளாமென் கொப்பரையைத் துடைத்துப் பெண்டாட்டியைக் கன்னத்தில் முத்தமிட்டான். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மேலிடம் விசாரித்தது: கம்பத்துத் தாளுக்கு மட்டும் நூற்றுக்கு நூறு வாசகர் எப்படி வந்தார்கள்? கலோயன் விட்டானா! ஐந்தாம் பதிப்பு தயார். இனி இதழில் எல்லாக் கட்டுரைக்கும் கறுப்புக் கரை, எழுதியவர் படம், மேலே சிலுவை. முதல் பக்கம் மட்டும் கம்பத்திலும் ஒட்டப்படும்.

முதலில் ஒட்டப்பட்டது இயக்குநரின் முன்னுரை. மறுநாள் காலை முப்பது பேர் தலை குனிந்தபடி பூவோடு அலுவலகத்துக்கு வந்தார்கள். க்ராஸ்தானோவ் நெகிழ்ந்துபோனார். "முன்னுரையை இவ்வளவு பேர் உணர்ந்து படிச்சிருக்காங்களே!" பூவை எண்ணினார். முதல் கொத்தில் பன்னிரண்டு, அடுத்ததில் ஆறு. உயிரோடிருப்பவருக்கு நாங்கள் ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்போம். அவர் முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் வந்தவர்கள் முப்பது பேர்! இந்த முறையே தொடரட்டும் என்று கையெழுத்துப் போட்டார்.

மற்ற துறைகளுக்குப் பொறுக்குமா? மின்தடைக்குக் கறுப்புக் கரை, நாய்க்கு ஊசி போடக் கறுப்புக் கரை. பல்லைக் காட்டிக்கொண்டு பல் மருத்துவர் ஒருவரும் சிலுவைக்குக் கீழே நின்றார்.

அடுத்த ஏப்ரலில், பதவி உயர்ந்த ராலிட்ஸா ஆறாம் பதிப்புக்கான பயிற்சிக்குச் சோபியாவில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். கருகல் எச்சரிக்கை மறுபடி வந்தது. அங்கிருந்தே வெளியிட்டாள், கம்பங்களில் ஒட்டச் சொன்னாள், புருஷனுக்கும் இணைப்பை அனுப்பினாள். சனிக்கிழமை வீடு திரும்பினால் மழை விட்டிருந்தது. பூவெல்லாம் பழுப்பாய்த் தொங்கியது. வாசலில் ப்ளாமெனின் பெட்டி.

"கம்பத்துல ஒட்டியிருந்ததே, பாக்கலையா?"

"தினமும் பாத்தேன். ஏதோ ஆபீஸ் சமாச்சாரம்னு வந்துட்டேன். மித்யோவும் அப்படித்தான்."

"உனக்குத் தனியா அனுப்பினேனே!"

"திறந்தேன் ராலி. முன்னுரை வந்துச்சு. மணி அடிச்சு அடிச்சு எழுப்புச்சு. போனைப் போர்வைக்குள்ள திணிச்சிட்டுத் தூங்கிட்டேன்." பெட்டியைப் பூட்டினான். "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி. மருந்து அடின்னு. ரெண்டே வார்த்தை."

"நான்தான் வெளியிட்டேனே" என்றாள். அதைச் சொல்லும்போதே அவளுக்குத் தன் குரல் க்ராஸ்தானோவ் குரல் மாதிரி கேட்டது.

திங்கட்கிழமை பஸ் ஏற்றிவிடப் போனாள். கம்பத்தில் இயக்குநரின் படம், கறுப்புக் கரை. யாரும் நிற்கவில்லை. அவள் மட்டும், பஸ் மறைந்தபிறகு போக்கிடமில்லாமல், அதைக் கடைசிவரி வரை படித்தாள். முன்னுரை இல்லை. மாரடைப்பு. அடக்கம் செவ்வாய் இரண்டு மணி.

செவ்வாய்க்கிழமை போனாள். மாவட்டத்துக்கே அறிவித்திருந்தார்கள். மொத்தம் நான்கு பேர் இருந்தார்கள்: இயக்குநரின் மனைவி, கலோயன், ராலிட்ஸா, இயக்குநர்.