ஓசிப் பெட்டியும் நாலறை வீடும்

யாரிடமும் ஒரு காசு கடன் வாங்காதவன் நான். இதை என் வாயால் சொல்லிக் கேட்காத ஆள் எங்கள் பேட்டையான ஆங் மோ கியோவில் கிடையாது. என்னோடு லிஃப்டில் ஏறிய பாவத்துக்காகக் கேட்டவர்கள்கூட இருக்கிறார்கள். எங்கள் மாதா கோயிலில் கல்யாணம் ஆகப்போகும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவார்கள். அதில் ‘குடும்பமும் பணமும்’ என்கிற பாடத்தை எடுப்பவன் லாசரஸ் ஆகிய நான்தான். பங்குச் சாமியார் அந்தப் பாடத்தை எனக்குக் கொடுத்தது நான் கெட்டிக்காரன் என்பதால் அல்ல. கொடுக்காவிட்டாலும் பேசுவேன் என்பதால்.

அப்பேர்ப்பட்ட நான் போன வருஷம் ஒரு பெரிய முடிவெடுத்தேன். அப்பா விட்டுப்போன மூவறை வீட்டை விற்றுவிட்டு புக்கிட் மேராவில் நாலறை வீடு வாங்குவது. என் மனைவி பிரிஜட் அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பில் செக்‌ஷனில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அலைச்சல் மிச்சம். சந்தோஷப்பட்டாள். கூடவே ஒன்று கேட்டாள்.

“புது வீட்லயாவது என் பேரைப் போடுங்க.”

பழைய வீடு என் பேரில் மட்டும் இருந்தது. எங்களுக்குள் சண்டை வந்து, நான் தோற்கிற கட்டம் வந்தால், “இது என் வீடு” என்பேன். சண்டை முடிந்துவிடும். கேவலமான பழக்கம்தான். சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுகிறது. ஆனால் பிரிஜட்டிடம் பேசி ஜெயிக்க என்னிடம் வேறு சரக்கு இல்லை. அதனால் “பார்க்கலாம்” என்றேன். நான் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அவளுக்கும் தெரியும். துணி மடிக்கப் போய்விட்டாள்.

வீடு பிடித்தாயிற்று. முன்பணம் கொடுத்தாயிற்று. மூன்று வாரத்துக்குள் பேங்க் கடன் உறுதியாக வேண்டும். இல்லாவிட்டால் வீடும் போச்சு, முன்பணமும் போச்சு. கடன் வாங்காதவன் பேங்குக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள். வீட்டுக்கடன் கடனில் சேராது என்பது என் கொள்கை.

பேங்கில் இளமதி என்று ஒரு பெண். என் மகள் வயசு. கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் மாதிரி குரலைத் தணித்துக்கொண்டு, கடன் கிடைக்காது, என் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்கள் என்றாள். கடனுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு அந்த ரிப்போர்ட் இலவசமாம். இலவசம் என்றதும் ஆசையாக வாங்கிக்கொண்டேன். புத்தி அப்படி.

ஒவ்வொரு மனுஷனும் கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறான் என்று பார்த்து ஒரு தரம் போடுகிறார்கள். டபுள் ஏ-யில் தொடங்கி டபுள் எச் வரைக்கும். என்னுடையது டபுள் எச்.

“இதுக்குக் கீழ இன்னும் இருக்காம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல அங்கிள். இதான் தரை.”

கடனே வாங்காதவனுக்கு எப்படி இந்தக் கதி? அதற்கு நான் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைத்தொகுதி வாசலில் அடிக்கடி மேஜை போட்டிருப்பார்கள். கிரெடிட் கார்டுக்குக் கையெழுத்துப் போட்டால் சக்கரம் வைத்த பயணப்பெட்டி ஓசி. காய்கறி வாங்கப் போன நான் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த மாதம் வேறு பேங்க், வேறு நிறத்தில் பெட்டி. அப்புறம் இன்னொரு பேங்க், எண்ணெயில்லாமல் பொரிக்கிற அடுப்பு. எங்கள் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி. நாங்கள் பக்கத்திலிருக்கிற ஜோகூரைத் தாண்டி எங்கும் போனதில்லை.

கார்டுகளை நான் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பிரிக்காத கார்டு இல்லாத கார்டு என்று நினைத்தேன். முதல் வருஷம்தான் சும்மா, அடுத்த வருஷத்திலிருந்து ஆண்டுக் கட்டணம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் பேங்குக்கு ஒரு போன் போட்டுத் தள்ளுபடி செய்யச் சொல்வார்களாம். பாதி நேரம் தள்ளுபடியும் ஆகிவிடுமாம். நானோ பேங்க் கவர் எது வந்தாலும் விளம்பரம் என்று முடிவுகட்டி, கீழே தபால் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு மேலே வருவேன். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் மோசடிக்காரன் என்று எடுக்கமாட்டேன். கட்டணத்துக்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. ஊரெல்லாம் மோசடிக்காரனைத் தேடிக்கொண்டிருந்தவன் கடைசியில் பேங்குகளுக்கெல்லாம் டிமிக்கி கொடுத்த ஆசாமி.

மானம் கப்பலேறியது. பிரிஜட்டிடம் எப்படிச் சொல்வது? வீட்டில் அவள் வெங்காயம் விலை கேட்காமல் வாங்கினாலே அரைமணி நேரம் பாடம் எடுக்கிறவன் நான். அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. சாப்பிடும்போது தட்டையே பார்த்துச் சாப்பிட்டேன். பக்கத்து வீட்டு முபாரக் பாயிடம் மட்டும் சொன்னேன். தேக்கா கடைவீதியில் போன் உறை விற்கிறார், உலகம் தெரிந்தவர்.

“ஒரு பேங்க் இல்லன்னா இன்னொரு பேங்க் லா, இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?” என்றார்.

நியாயமாகப் பட்டது. ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டு, கண்ணில் பட்ட பேங்குக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். எல்லோரும் மரியாதையாக இல்லை என்றார்கள். நாலாவது இடத்தில் நான் உட்காரும்போதே இல்லை என்றார்கள். நல்லவேளையாக இளமதி போன் பண்ணினாள். நான் விட்டுவந்த பத்திரங்களைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லத்தான் கூப்பிட்டாள், என் வீரத்தைக் கேட்டதும் பதறிவிட்டாள். புதுக் கடனுக்குப் போடும் ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் பதிவாகுமாம். அடுத்தடுத்துப் போட்டால், ஆள் பணத்துக்குத் தவிக்கிறான் என்று எந்த பேங்கும் கிட்டே சேர்க்காதாம்.

“தவிச்சுக்கிட்டுதானம்மா இருக்கேன்” என்றேன்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. அந்தப் பெண் பொறுமையாக வழி சொன்னாள். முதலில் பாக்கியைக் கட்டுங்கள். வேண்டாத கார்டுகளை மூடுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கொஞ்சமாகச் செலவு செய்து, மாதா மாதம் முழுசாகக் கட்டுங்கள். நல்ல பதிவு சேரச் சேர தரம் ஏறும், வருஷக் கணக்கில் ஆகும். சரிதான், ஆனால் வீட்டுக்காரர் வருஷக் கணக்கில் காத்திருப்பாரா? பாக்கியை மட்டும் அன்றைக்கே போய்க் கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து என் வகுப்பு. போகாமல் இருந்தால் பிரிஜட் சந்தேகப்படுவாள். போனேன். ‘கடன்காரன் நிம்மதியாகத் தூங்க மாட்டான்’ என்று தொடங்கினேன். இந்த ஒரு வரியை மட்டும் வாழ்க்கையில் முதல்தடவையாக அனுபவத்தோடு சொன்னேன். லியோனல் என்கிற மாப்பிள்ளைப் பையன் கை தூக்கினான்.

“அங்கிள், கிரெடிட் ஸ்கோர் நல்லா இருக்கணும்னா என்ன செய்யணும்?”

தண்ணீர் குடித்தேன். மறுபடி குடித்தேன். பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்த பிரிஜட்தான் பதில் சொன்னாள். நேரத்துக்கு முழுசாகக் கட்ட வேண்டும், ஓசிப் பொருளுக்காகக் கார்டு வாங்கக் கூடாது, வருஷத்துக்கு ஒருதடவை ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்தச் சொல்ல வேண்டும் என்று மடமடவென்று சொல்லிவிட்டு, யாருக்குச் சீனி வேண்டாம் என்று கேட்டாள். பில் செக்‌ஷனில் இருக்கிறவள், தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு டீ இறங்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில்தான் அந்த அற்புதமான யோசனை வந்தது. இளமதி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். வீட்டில் யார் யார் பேர் இருக்கிறதோ அவர்கள் ரிப்போர்ட்டை மட்டும்தான் பேங்க் பார்க்கும். பிரிஜட் சம்பளத்துக்கே அந்தக் கடன் கிடைக்கும். அப்படியானால் வீட்டை அவள் பேரில் மட்டும் வாங்கிவிட்டால் என் டபுள் எச் யாருக்கும் தெரியாது. அதையே அன்புப் பரிசு என்று கொடுத்துவிட்டால்? மானமும் தப்பும், பேரும் கிடைக்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

“பிரிஜட், நான் நல்லா யோசிச்சுட்டேன். புது வீடு உன் பேர்லயே இருக்கட்டும்.”

“என் பேரும் இருக்கட்டும்னா?”

“உன் பேர் மட்டும். நான் எதுக்கு? இத்தனை வருஷம் நீ பட்ட பாட்டுக்கு நான் என்ன செஞ்சேன்?”

“நெசமாவா சொல்றீங்க?”

“லாசரஸ் சொன்னா சொன்னதுதான்.”

அவள் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இப்படியும் ஒரு பெண்ணை ஏமாற்றலாமா? உண்மையை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, கோழை.

பேங்குக்கு இரண்டு பேரும் போனோம். இளமதி என்னைப் பார்க்காமலே பிரிஜட்டிடம் கடிதத்தை நீட்டினாள். கடன் கிடைத்துவிட்டது. பிரிஜட்டின் தரம் டபுள் ஏ. வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பத்திரத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பேர். குடியிருப்பவர் என்ற இடத்தில் என் பேர். வாடகைக்கு வந்தவன் மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பிரிஜட் இந்தச் செய்தியைக் கோயில் முழுக்கச் சொல்லிவிட்டாள். வீடு மந்திரிக்க வந்த சாமியார், தீர்த்தம் தெளித்து முடித்ததும், மனைவிக்குச் சொந்த வீட்டையே கொடுத்த உத்தமர் என்று என்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துப் புகழ்ந்தார். பெண்கள் எல்லாம் தங்கள் புருஷன்களைத் திரும்பிப் பார்த்தார்கள். புருஷன்கள் என்னை முறைத்தார்கள். முபாரக் பாய் மட்டும் பிரியாணித் தட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனால் அது பத்தாவது மாடி.

எல்லோரும் போன பிறகு எனக்குத் தாங்கவில்லை. பிரிஜட் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். சொன்னால்தான் இனி சோறு இறங்கும் என்று தோன்றியது.

“பிரிஜட், இந்த வீட்டை உன் பேர்ல வாங்கினது அன்பால மட்டும் இல்ல. என் கிரெடிட் ரிப்போர்ட் டபுள் எச்சு. அந்த ஓசிப் பெட்டிகளால வந்த வினை. சொல்ல வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சுக்கோ.”

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா? எப்படி?”

“நீங்க கீழ குப்பைத்தொட்டில போட்ட கவரையெல்லாம் நான்தானே எடுத்துப் படிச்சேன்.”

“எப்பயிருந்து?”

“முதல் கவர்லயிருந்து.”

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. இத்தனை பேங்கில் தலை குனிந்தது, வகுப்பில் விழித்தது, சாமியார் முன்னால் கூனிக்குறுகியது எல்லாம் ஒன்றாக நெஞ்சில் ஏறி நின்றது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஒரு போன் போட்டிருந்தா தள்ளுபடி ஆயிருக்கும். நீயே கட்டியிருந்தாலும் சின்னத் தொகைதானே. ஏன் கட்டாம விட்ட?”

பிரிஜட் குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு சாந்தமாக என்னைப் பார்த்தாள்.

“கட்டியிருந்தா, இந்த வீடும் உங்க பேர்லதானே வந்திருக்கும்.”