துரை வீட்டு ஃபோண்டும் நான் அண்ணாந்ததும்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ரொம்பச் சின்னது. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. துரை பங்களாவுல ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தைக் குடுத்துட்டுத் திரும்பி வரணும். அவ்வளவுதான்!

கல்கத்தா குமாஸ்தாக்கள் எல்லாரும் வருஷா வருஷம் செய்யறதுதான். எனக்கு மட்டும் கொஞ்சம் கவலை ஜாஸ்தி. என் உத்தியோகம் தற்காலிகம். துரை மனசு வெச்சாத்தான் நிரந்தரம்.

பவானிபூர்லேர்ந்து கிளம்பறச்சே ஆத்துக்காரி சொன்னா, "குடுத்த கையோட வந்துடுங்கோ. இன்னிக்கு மோர்க்குழம்பு."

கார்டன் ரீச்ல பங்களா. துரை சுவிட்சர்லாந்துக்காரர். கூடையை வாங்கிண்டு, "உள்ளே வா, எங்களோட சாப்பிடு"ன்னார்.

மோர்க்குழம்புன்னு வாய் வரைக்கும் வந்தது. உத்தியோகம் ஞாபகம் வந்தது. உள்ள போயிட்டேன்!

மேஜை நடுவுல ஸ்பிரிட் அடுப்பு. அதுமேல ஒரு சட்டி. உள்ள சீஸ் உருகிக் கொதிக்கறது.

"இது ஃபோண்டு. பயப்படாதே, மாமிசம் கிடையாது"ன்னா துரைசானி.

அதுல லேசா சாராயம் மாதிரி ஒரு வாசனை வந்தது. என்னன்னு நான் கேக்கலை, அவளும் சொல்லலை. ரெண்டு பேருக்கும் நல்லது.

துரைக்குக் கண்ணு கலங்கிடுத்து. "எங்க மலையிலே பனி விழுந்து வழி மூடிடும். வீட்டிலே காய்ஞ்ச ரொட்டியும் பழைய சீஸும்தான் மிச்சம். அதை உருக்கி, அப்பா அம்மா பிள்ளைகள் எல்லாரும் ஒரே சட்டியைச் சுத்தி உட்காருவோம்."

சொல்லிண்டே முள்கரண்டியில ரொட்டியைக் குத்தி, சட்டியில தோச்சு, வாயில போட்டுண்டார். அதே கரண்டியை மறுபடியும் சட்டிக்குள்ள விட்டார்!

எச்சில்!

வேண்டாம்னா உத்தியோகம் போச்சு. தின்னா ஆசாரம் போச்சு. அப்பதான் எனக்கு அந்த மகா புத்தி வந்தது. தண்ணியை உதட்டுல படாம அண்ணாந்து குடிக்கறவன்தானே நான்? ரொட்டியையும் அப்படியே போட்டுண்டா என்ன?

அவா எச்சில் ஏற்கெனவே சட்டிக்குள்ள இருக்கறச்சே, அண்ணாந்து என்ன பிரயோஜனம்னு எனக்குத் தோணவே இல்லை.

ரொட்டியைக் குத்தி, சட்டியில தோச்சு, அண்ணாந்தேன். கரண்டியை உதறினேன். ரொட்டி வாய்க்குள்ள விழுந்தது, சீஸ் மட்டும் சட்டியை விடலை! கயிறா நீண்டு, மூக்கு, மீசை, அங்கவஸ்திரம் எல்லாத்துலயும் ஒட்டிண்டது. வாய்க்குள்ள நெருப்பு!

"அய்யோ அம்மா!"

துரை எழுந்து நின்னார். உத்தியோகம் போயிடுத்துன்னே முடிவு பண்ணிட்டேன்.

"உங்க தேசத்திலே இப்படித்தான் சாப்பிடுவீங்களா?"

"எஸ் சார்." வேற என்ன சொல்ல?

"பிரமாதம்!"னு அவரும் அண்ணாந்தார். தாடி பூரா சீஸ்! துரைசானியும் விடலை. பட்டுக் கவுன் பாழ். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கறா.

ஆத்துக்கு வந்து சட்டிக் கதையைச் சொன்னேன்.

"காஞ்ச ரொட்டின்னா பழையதுதானே? பழையது தின்னவா என் மோர்க்குழம்பை விட்டேள்? அது போகட்டும், உத்தியோகம்?"

"நிரந்தரம்னுட்டார்! ஆனா மாசாமாசம் போய், அவர் சிநேகிதாளுக்கெல்லாம் நம்ம முறையைச் சொல்லிக் குடுக்கணுமாம்."

அவ என் அங்கவஸ்திரத்தை உருவித் தனி வாளியில போட்டா.

"இனிமே இது ஃபோண்டுக்குன்னே இருக்கட்டும்."