கணுக்காலுக்கு மேற்படாத புல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக, எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மேய்ச்சல் புல்லைப் பார்க்க மாட்டுப் பண்ணைக்குப் போன நாளைத்தான் சரித்திரம் குறித்துக்கொள்ள வேண்டும். அறிவியல் ஆசிரியன், அதோடு களப்பயணப் பாதுகாப்புக் குழுவின் செயலாளன் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு சொல்கிறேன்.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கிளம்பிவிடவில்லை. நான்கு கூட்டம் போட்டோம். முதல் மூன்றில் யார் தலைமை தாங்குவது என்று "ஆராய்ந்தோம்". நான்காவதில் தலைமை ஆசிரியை விஷயத்துக்கு வந்தார்.

"புல்லுக்குள்ள பூச்சி பொட்டு இருந்து பிள்ளைங்களைக் கடிச்சா யார் சார் பதில் சொல்றது?"

"பண்ணைக்கு ஒரு கடிதம் போட்டுடலாம் மேடம்" என்றேன்.

போட்டேன். 'மாணவர் நலன் கருதி, தங்கள் வளாகத்திலுள்ள புல் யாவும் கணுக்காலுக்கு மேற்படாதவாறு வெட்டப்பட்டிருத்தல் வேண்டும்.' என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல வாக்கியம் எனக்கு அமைந்ததில்லை. மூன்று முத்திரை குத்தி அனுப்பினோம்.

நாங்கள் பேருந்தை விட்டு இறங்கியபோது மேய்ச்சல் நிலம் சவரம் செய்த கன்னம்போல் பளிச்சென்று இருந்தது. வேலிக்கு அப்பால் ஏழு மாடுகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றன.

"சார், புல்லு எங்க சார்?" என்றாள் ஒரு சிறுமி. எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் வகுப்பில் அவளுக்குப் பெயர் 'கேள்விக்குறி'.

பண்ணைக்கார அம்மா முந்திக்கொண்டார். "உங்க சார்தாம்மா வெட்டச் சொல்லி எழுதினாரு. முத்திரையைப் பார்த்துட்டு ஏதோ உத்தரவுன்னு நினைச்சு அஞ்சு நாளைக்கு முன்னாடியே வெட்டிட்டேன். இன்னும் ரெண்டு மாசத்துக்கு மாடுங்க இதை நம்பித்தான் இருந்துச்சு. வெட்டிப் போட்டதும் மழை பிடிச்சுக்கிச்சு. காயவைக்க வழியில்லாம அத்தனையும் அழுகிடுச்சு. வயிறு எரியுது சார்!"

நான் அசரவில்லை. வழவழவென்று உறை போட்ட ஐந்து புல் படங்களைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். குச்சியில் கட்டி, வரிசையாக நிலத்தில் நட்டுப் பாடம் நடத்தினேன். ஒரு மாடு வேலி வழியாகக் கழுத்தை நீட்டி, மூன்றாவது படத்தை நக்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாடுகளிடம் கற்கும் ஆர்வம் குறைந்து வருவது கவலைக்குரியது.

"அப்போ மாடுங்க இனிமே என்ன சார் சாப்பிடும்?" என்றாள் கேள்விக்குறி.

"அது பாடத்துல இல்லம்மா."

பண்ணைக்கார அம்மா என்னையே பார்த்துக்கொண்டு, "வைக்கோல்போர் நாய் கதைதான். தானும் திங்காது, மாட்டையும் திங்கவிடாது" என்றார். விருந்தினரைப் பழமொழி சொல்லி வழியனுப்பும் அவர் பண்பை மெச்சி, எல்லோரையும் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

மாதத் தேர்வில் ஒரு கேள்வி வைத்தேன்: 'மேய்ச்சல் நிலத்தில் நேரில் கண்டதை எழுதுக.' முப்பத்தொன்பது பேர், நான் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்த ஐந்து புல்லின் பெயரையும் பிசகாமல் எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண். கேள்விக்குறி மட்டும் ஒரே வரி எழுதியிருந்தாள்: 'நாங்கள் வருகிறோம் என்று தெரியும்வரை அங்கே புல் இருந்தது.'

விடைக்குறிப்பில் அப்படி ஒரு விடையே இல்லை. பூஜ்யம் போட்டேன். இத்தனைக்கும், நேரில் கண்டதை எழுதியவள் அவள் ஒருத்திதான்.