‘கொஞ்சம் இரு’ டாக்டர்

தான் எழுதிய மருந்துச் சீட்டைத் தானே துரத்திக்கொண்டு ஓடிய டாக்டர், உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். கிளினிக் போர்டில் ஏதோ பெயர் இருந்தது. பழவேற்காட்டுக்கு அவர் ‘கொஞ்சம் இரு’ டாக்டர். எதிரே என் மருந்துக் கடை.

சீட்டு எழுதிவிட்டு, நோயாளி எழுந்ததும் “கொஞ்சம் இரு” என்பார். கண்ணை மூடிக்கொண்டு, “வேற இன்னாவா இருக்கும்?” என்று தன்னையே கேட்டுக்கொள்வார்.

“படிச்சிட்டுத்தான் வந்தாரா நைனா? என்னாண்டயே யோசனை கேக்கறாரு” என்று ஒரு மீனவர் என்னிடம் புலம்பினார். மணிக்கட்டு அரிப்புக்கு மீஞ்சூர் வரை போய்க் களிம்பு பூசியும் தீராதவர் அவர். டாக்டர் சோப்பு, வலை, சாப்பாடு எல்லாம் விசாரித்துக் கடைசியில் வாட்ச்சைக் கழற்றச் சொன்னார். பட்டைதான் காரணம்.

“மாமியா வூட்ல குடுத்தது. அப்பவே நெனச்சேன்” என்றார் மீனவர், பரம திருப்தியோடு.

“ஜனங்க பயப்படறாங்க சார்” என்று சொல்லிப் பார்த்தேன்.

“பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சுன்னா எனக்குத்தாம்பா பயம்” என்றார்.

ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் கன்னியம்மா ஒரு மத்தியானம் வந்தார். கிளினிக்கில் நல்ல கூட்டம். “நெஞ்சு எரியுது. நேத்து நண்டுக் கொழம்பு தின்னேன்” என்றாராம். டாக்டர் அன்று யோசிக்காமல் எழுதிவிட்டார். நானும் அசிடிட்டி மாத்திரை கொடுத்தேன். கன்னியம்மா ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார்.

சற்று நேரத்தில் டாக்டர் தெருவுக்கு ஓடிவந்தார். “அந்தம்மா எங்க?”

“கெளம்பிடுச்சே சார்.”

“நாளெல்லாம் தண்ணில நிக்கிற பொம்பள, நாலு படி ஏற மூச்சு வாங்குச்சு. நண்டுன்னதும் நான் அதோட வுட்டுட்டேன்.”

அந்த வழியாக வந்த மீன்காரரின் மொபெட்டில், மீன்கூடையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் தாவி ஏறினார். பாலத்தின் மேல் ஆட்டோவை மறித்தார்களாம்.

“இன்னா டாக்டரே, பையை வுட்டுட்டு வந்துட்டனா?” என்றார் கன்னியம்மா.

“நான் யோசிக்கறத வுட்டுட்டேம்மா. எறங்கு.”

ஈசிஜி எடுத்தபோது மாரடைப்பு என்று தெரிந்தது. ஆம்புலன்ஸ் சென்னைக்குப் பறந்தது. டாக்டர் மீன் நாற்றத்தோடே மிச்சக் கூட்டத்தையும் பார்த்தார். எல்லோரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் கன்னியம்மாவின் மகள் போன் செய்தாள். அடைப்பை எடுத்துவிட்டார்களாம். அம்மா கண் விழித்ததும் கஞ்சி கேட்டாளாம்.

டாக்டர் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். நான் நீட்டிய சோடாவை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். நான் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.