சம்பந்தி வீட்டு டாங்கி

பூவாளி சரிந்ததில் செடிக்குப் போக வேண்டிய தண்ணீர் முழுவதும் டாங்கிக்குப் போயிற்று. டாங்கி தட்டிலிருந்து கம்பளத்தில் விழுந்தது.

அரியரத்தினம் பதறி எடுத்தார். உள்ளங்கை அளவு பொம்மைப் போர் டாங்கிதான். ஆனால் கர்க்லாண்ட் புறநகரில் இருக்கும் இந்த வீடு, அவருடைய மகள் துஷாந்தினி வாழ்க்கைப்படப் போகிற வீடு. சம்பந்தியாகப் போகிற இரவிச்சந்திரன் குடும்பத்தோடு புளோரிடாவுக்குப் புறப்படும்போது வீட்டுத் திறப்பைக் கொடுத்து, "செடியளுக்கு மட்டும் தண்ணி விடுங்கோ. டாங்கியளிலை கை வைக்கவேண்டாம்" என்று சொல்லியிருந்தார்.

டாங்கியின் பீரங்கிக் குழல் வளைந்து தொங்கியது. பக்கமெல்லாம் கறள், செந்நிறத் துரு. ஓடும் சில்லுகளில் ஒன்றைக் காணோம். முழங்காலில் ஊர்ந்து ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை.

மனைவி புஷ்பராணிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தண்ணி பட்டு அஞ்சு நிமிசத்திலை கறள் பிடிக்குமோ?"

"மலிஞ்ச சாமான் எண்டால் பிடிக்கும். கலியாணம் குழம்பினா நான் பொறுப்பில்லை."

ஊரில் உண்மையான டாங்கிக்கே ஓடித் தப்பிய மனிதர் அவர். இதை விட்டு ஓட வழியில்லை.

பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கறளைத் தேய்த்தார். கறளோடு வர்ணமும் போயிற்று. குழலை நிமிர்த்தினார், கையோடு வந்துவிட்டது. பசை போட்டார். குழல் ஒட்டியது, பெருவிரலும் ஒட்டியது. விரலை இழுத்ததில் மேல்மூடி கழன்றது.

மறுநாள் மெட்ரோவில் டவுன்டவுன் போய்ச் சில்லும் பச்சை வர்ணமும் வாங்கி வந்தார். பூசிய இடம் கிளிப்பச்சையாகத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் டாங்கி முழுவதற்கும் பூசினார். நான்கு நாள் விடுப்பு அதிலேயே போயிற்று. கடைசியில் டாங்கி பளபளவென்று நின்றது.

"உடைஞ்சது எண்டு ஆருக்கும் தெரியாது" என்றாள் பார்க்க வந்த புஷ்பராணி.

ஞாயிறு காலை இரவிச்சந்திரன் குடும்பம் வந்து இறங்கியது. அவர் டாங்கியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றாமலே கதிரையில் உட்கார்ந்தார்.

"செடியெல்லாம் நல்லாய் நிக்குது, அண்ணை" என்றார் அரியரத்தினம்.

இரவிச்சந்திரனின் மனைவிதான் மெதுவாகக் கிட்ட வந்தாள்.

"இண்டைக்குப் பின்னேரம் மாதிரி டாங்கிப் போட்டிக்குக் கொண்டுபோக வைச்சிருந்தவர்."

"அதுக்கென்ன, இப்ப வடிவாத்தானே இருக்கு?"

"பெட்டியாலை எடுக்கேக்கையும் இதே வடிவுதான், அண்ணை. குண்டு பட்டு உடைஞ்ச மாதிரி ஆக்கத்தான் இவருக்கு மூண்டு மாதம் பிடிச்சது."